கயிற்றைத் தாண்டிய சனிக்கிழமை

லாங்காஸ்டர் மாவட்டம், பென்சில்வேனியா
அக்டோபர் 1, 1987

பிரியமுள்ள மகன் வெர்லினுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. இங்கே நான், அம்மா, தங்கை லோயிஸ், மாடு கன்றுகள் எல்லாரும் சுகம். அங்கே ஜெர்மனியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். ஒன்றும் இல்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்திருக்கிறாள். இத்தனை நாள் அவள் உனக்கு எழுதிய கடிதங்களின் கடைசியில் 'அப்பாவும் உன்னை விசாரித்தார்' என்று ஒரு வரி இருந்திருக்கும். அது அவளாகப் போட்டது. நான் விசாரிக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் எனக்காக மாதம் இரண்டு முறை பொய் எழுதியிருக்கிறாள்.

உன் கடிதம் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் உரக்கப் படிப்பாள். தொழுவத்தில் வேலை இருக்கிறது என்று நான் எழுந்து போவேன். போவது சமையலறைக் கதவு வரைக்கும்தான். வெளியே நின்று கேட்பேன். அங்கே ரொட்டிக் கடையில் நீ நம் வீட்டுப் பழைய ஜெர்மன் பேச்சில் பேசியதும் கடைக்கார அம்மாள், 'இருநூறு வருஷம் முன்னாடி செத்துப்போனவங்க மாதிரி பேசுறியேப்பா' என்றாளாமே, அதைக் கேட்டு இருட்டில் தனியாகச் சிரித்தேன். துப்பாக்கி பிடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர்கள் அந்த நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். நீ பீரங்கிப் படையில் சேர்ந்து அங்கேயே போய் இறங்கியிருக்கிறாய். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மக்காச்சோளம் வெட்டி முடிந்தது. பெர்த்தா இரட்டைக் கன்று போட்டாள், இரண்டும் கிடாரி. கிணற்று பம்பு மறுபடியும் தகராறு செய்கிறது. நீ இருந்தபோது அதற்கு ஒரு உதை கொடுப்பாயே, அந்த உதை எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மா இதைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லையாம். 'உங்க வாயால சொல்ல வேண்டியது, நான் எழுத மாட்டேன்' என்றுவிட்டாள்.

ஹெஸ்லர் மில்லில், பழங்காலத்தைக் காட்டும் அந்தக் காட்சி ஊரில், வருடாவருடம் செப்டம்பரில் இரண்டு நாள் உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டுகிறார்கள் அல்லவா, அந்தக் கூடாரங்களுக்கு வைக்கோல் நம்முடையதுதான். வியாழக்கிழமையே கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒரு சிப்பாயும் கண்ணில் படுவதற்கு முன் திரும்பிவிடுவது என் வழக்கம். இந்த வருடம் சனிக்கிழமை காலையில் போனேன். கட்டு கட்டும் இயந்திரத்தில் முடிச்சுப் போடும் கொக்கி உடைந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்று அம்மாவிடம் சொன்னேன். கொக்கி உடைந்தது உண்மை. வியாழன் மத்தியானமே அதைச் சரிசெய்துவிட்டேன் என்பதும் உண்மை.

எனக்குப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நீ தூங்கும் இடம் எப்படி இருக்கும், எதில் சாப்பிடுவாய், எத்தனை பேர் நடுவே படுப்பாய், எதுவும் என் கண்ணுக்கு வரவில்லை. கண்ணை மூடினால் வெறும் பட்டாளச் சட்டைதான் தெரிந்தது, உள்ளே ஆள் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய வேஷம், பொய்ச் சண்டை என்று தெரியும். எனக்குப் போய்ப் பார்க்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

வேலி ஓரமாக வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. நீலச் சட்டைக்காரர்கள் இந்தப் பக்கம், சாம்பல் சட்டைக்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம். இரும்புச் சட்டியில் அவரையும் பன்றிக்கொழுப்பும் வெந்துகொண்டிருந்தன. பட்டாளத்துக்குக் கர்னலாக இருப்பவர் பல் டாக்டராம். என் பல்லையே பார்த்துக்கொண்டு பேசினார். கட்டுகளை இறக்கினால் போதும், அவர்களே பிரித்துப் பரப்பிக்கொள்வார்கள் என்றார். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கூடாரத்துக்குள்ளும் குனிந்து போய் நானே பரப்பினேன். ஒரு கூடாரத்தில் நான்கு பேர் படுக்கிறார்கள், ஒருவன் புரண்டால் நாலு பேரும் புரள வேண்டும். கடைசிக் கூடாரத்தில் மட்டும் இரண்டு மடங்கு கனமாகப் போட்டேன். யார் படுத்தார்கள் என்று தெரியாது.

பிறகு பீரங்கி இருந்த இடத்துக்குப் போனேன். அதற்குப் பொறுப்பானவர் ராய் கெட்டரிங் என்று ஒருவர். வார நாட்களில் பள்ளி பஸ் ஓட்டுகிறார், வியட்நாமில் நிஜப் பீரங்கியோடு இருந்தவர். துணியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குண்டு போடுகிறவன் எங்கே நிற்பான் என்று கேட்டேன். நீ அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, உன் வேலை அதுதான் என்று.

'அதோ, வாய்க்கு இடது பக்கம். அந்த இடத்துலதான்' என்று காட்டினார். அங்கே போய் நின்றேன். புல் மிதிபட்டு இரண்டு பாதத்தின் அளவுக்கு மண் தெரிந்தது. அதன்மேல் என் காலை வைத்தேன்.

'காது வலிக்குமா?' என்று கேட்டேன்.

'மொத வாரம் வலிக்கும். அப்புறம் காதுக்குள்ள ஒரு வண்டு குடிவந்துரும், அதோட பேசிக்கிட்டே காலத்த ஓட்டலாம்' என்று சிரித்தார். பிறகு என் தொப்பியையும் கால்சட்டைத் தோள்வாரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: 'ஏன் பெரியவரே, உங்க ஆளுங்க இதப் பக்கத்துல வந்துகூடப் பாக்க மாட்டாங்களே. யாராவது இருக்காங்களா பட்டாளத்துல? மகன் கிகன்?'

நான் இல்லை என்றேன், வெர்லின். யாரும் இல்லை என்றேன். சொல்லிவிட்டு, வைக்கோல் கயிறு மிச்சம் இருந்தால் கொடுங்கள் என்று பேச்சை மாற்றினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உடனே புறப்பட்டிருப்பேன். வண்டியைச் சுற்றிலும் பஸ்களும் கார்களும் நிறுத்திவிட்டார்கள். குதிரையை மில்லுக்குப் பின்னால் நிழலில் கட்டிவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்கள் உள்ளே போகாதபடி கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜனத்தோடு ஜனமாக நின்றேன். இரண்டு மணிக்குத் தொடங்கினார்கள். முதல் வெடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. பக்கத்தில் ஒரு பெண்மணி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அது ஒரு சொட்டும் சிந்தவில்லை. இவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது போலிருக்கிறது.

நீலச் சட்டைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். புகையில் முகம் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. ஒவ்வொருவராக விழுந்தார்கள். சிலர் நன்றாக இடம் பார்த்து நிழலில் விழுந்தார்கள், ஜனங்கள் சிரித்தார்கள். கடைசியாக ஒருவன் கயிற்றிலிருந்து முப்பதடி தள்ளி வெயிலில் விழுந்தான். நல்ல உயரம். தொப்பி உருண்டு போனது. முடி உன் நிறம். குப்புற, இடது கையை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொண்டு கிடந்தான். சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான் தூங்குவாய். கை மரத்துப்போகும் என்று நான் எத்தனை முறை உருவிவிட்டிருக்கிறேன்.

அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் 'கிழவருக்குக் கொஞ்சம் நேரம் புத்தி தடுமாறிப்போச்சு' என்று எனக்குச் சலுகை தருகிறார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். தெரிந்துதான் போனேன். கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து, புகைக்குள் நடந்து போனேன். பின்னால் யாரோ கத்தினார்கள். பிறகு கத்தல் அடங்கிவிட்டது. ஏனென்று பிறகுதான் புரிந்தது. என் கறுப்புத் தொப்பியும் தோள்வாரும் அவர்களுக்கு அந்தக் காலத்து உடுப்பு. மகனைத் தேடி வரும் தகப்பன் வேஷம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மண்டியிட்டு அவனைப் புரட்டினேன். முப்பது வயது இருக்கும், மூக்கு பெரிது, உன் சாயலே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டை அசைக்காமல் பேசினான்: 'யாருங்க நீங்க? நான் செத்துட்டேன். தள்ளிப் போங்க.'

'எழுந்திரு தம்பி, போதும்' என்றேன்.

'எழுந்திரிக்கக் கூடாதுங்க. எக்காளம் ஊதணும். அதுவரைக்கும் பொணம்தான்.'

என்னால் எழ முடியவில்லை. அவன் முகத்தில் வெயில் நேராக அடித்தது. என் தொப்பியைக் கழற்றி நிழலுக்குப் பிடித்தேன். கயிற்றுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஐயா, நீங்க நடிக்கல, இல்ல?' என்றான்.

அப்போதுதான் சொன்னேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஜெர்மனியில், பீரங்கிப் படையில் என்று. பதினாலு மாதத்தில் என் வாயிலிருந்து அது வந்தது அதுதான் முதல் தடவை.

'நான் பேசக் கூடாது. கேக்கலாம். சொல்லுங்க' என்றான்.

சொன்னேன், வெர்லின். சாப்பாட்டு மேசையில் நீ கேட்டதைச் சொன்னேன்: 'எல்லாரும் நம்மளக் காப்பாத்துறாங்க, நாம யாரக் காப்பாத்துறோம் அப்பா?' அதற்கு நான் பதில் சொல்லாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனதைச் சொன்னேன். பயிற்சி முடிந்து நீ வாசலில் வந்து நின்ற நாளைச் சொன்னேன். 'அந்தச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வா' என்று நான் சொன்னது, நீ அசையாமல் நின்றது, வந்த டாக்ஸியிலேயே திரும்பிப் போனது, அம்மா மாவு ஒட்டிய கையோடு ரோடு வரைக்கும் ஓடினது. ஞானஸ்நானம் எடுக்கும் முன்பே போனவன் நீ, சபை உன்மேல் ஒரு விலக்கும் போடவில்லை. போட்டது நான். இதையெல்லாம் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே, செத்துக் கிடந்த ஒரு அந்நியனிடம் சொன்னேன். நடுநடுவே சத்தத்தில் அவனுக்குக் காது கேட்கவில்லை. 'என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க' என்றான். திருப்பிச் சொன்னேன்.

எக்காளம் ஊதினதும் எல்லாப் பிணங்களும் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டன. ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் எழுந்து என்னைத் தூக்கிவிட்டான். பெயர் டக்ளஸ், ரெடிங்கில் டயர் கடை வைத்திருக்கிறானாம். போகும்போது, 'மூணு வருஷமா செத்துக்கிட்டு இருக்கேன், யாரும் எனக்காக வந்ததில்ல' என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான், ஆனாலும் என் கையைச் சட்டென்று விடவில்லை.

ராய் கெட்டரிங் ஓடிவந்து திட்டினார். 'வெறும் வெடிமருந்துதான, குண்டு இல்லன்னு நெனச்சீங்களா? பத்தடிக்குள்ள மூஞ்சி வெந்துரும்' என்றார். அவர் திட்டியது சரிதான். மன்னிப்புக் கேட்டேன். கையோடு, மகன் இல்லை என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, 'எந்த ஊர்ல இருக்கான்?' என்று மட்டும் கேட்டார். ஊர்ப் பெயரைக் கேட்டதும், அங்கே குளிர் அதிகம், கம்பளிக் காலுறை அனுப்புங்கள் என்றார். பல் டாக்டர் கர்னலுக்கோ ஒரே சந்தோஷம். 'பிரமாதம். நாளைக்கும் ரெண்டு மணிக்கு வர முடியுமா?' என்று கேட்டார். நாளை ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போக வேண்டும் என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் படம் வந்துவிட்டது. நான் மண்டியிட்டுத் தொப்பியைப் பிடித்திருக்கிறேன். 'தகப்பன் வேடத்தில் பார்வையாளர்களைக் கண்கலங்க வைத்தவர்' என்று கீழே எழுதியிருந்தார்கள். அம்மா நெடுநேரம் படத்தைப் பார்த்தாள். 'கொக்கிய எப்பச் சரிபண்ணீங்க?' என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். தலையசைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன், கிட்டப் போகத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மூப்பர் ஆரன் நோல்ட் இன்னொரு சகோதரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் இது பிடித்த வேலை இல்லை. காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். 'சகோதரர் எனோஸ், யுத்த விளையாட்டுல வேஷம் கட்டினீங்களா?' என்று கேட்டார். நான் கட்டவில்லை, நான் போட்டிருந்தது நாம் எல்லாரும் போடுவதுதான் என்றேன். லோயிஸுக்குச் சிரிப்பு வந்து உள்ளே ஓடிவிட்டாள். ஆரனும் கிட்டத்தட்டச் சிரித்தார். பிறகு, திருவிருந்துக்கு முன் நடக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று, களத்துக்குள் போனதற்காக வருத்தம் தெரிவித்துவிட்டால் போதும், விஷயம் தீர்ந்தது என்றார். இரண்டு வார்த்தைதானே என்றார்.

போன ஞாயிறு கூட்டம். என் முறை வந்ததும் எழுந்தேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன், பிறர் சொல்லி நீ கேட்பதைவிட இது நல்லது. 'களத்துக்குள்ள போனதுக்கு வருத்தப்படச் சொல்லி சகோதரர்கள் கேட்டாங்க. முயற்சி பண்ணிப் பார்த்தேன், முடியல. ஆனா அன்னைக்கு ஒருத்தர் எங்கிட்ட, பட்டாளத்துல உனக்கு மகன் இருக்கானான்னு கேட்டார். இல்லன்னு சொன்னேன். அதுக்கும் முன்னால பதினாலு மாசமா, வாயத் தெறக்காம, தினமும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது பாவம். அதுக்காக எழுந்திருக்கேன். என் மகன் பேரு வெர்லின்.' அவ்வளவுதான் பேசினேன். பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வசந்த காலம் வரைக்கும் நான் திருவிருந்தில் சேரக் கூடாது என்று முடிவாயிற்று. பின் பெஞ்சில் உட்கார வேண்டும். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு திருவிருந்தும் தவறவிட்டதில்லை, வலிக்காது என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அவர்கள்மேல் கோபம் இல்லை. அவர்களுடைய மனசாட்சிக்கு அவர்கள் நின்றார்கள். ஆரன் வெளியே வந்து என் குதிரையைப் பூட்ட உதவினார்.

அப்போது பக்கத்துப் பண்ணை ஈலாய் ரைஃப் வந்து நின்றான். நீ போனதிலிருந்து உன் பெயரை என் முன்னால் எடுக்காதவன். காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, 'வெர்லினுக்கு அங்க நல்ல போர்வை குடுக்கறாங்களா?' என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். நீதான் எழுத வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றி நான் நினைப்பது மாறவில்லை, வெர்லின். அதை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது, மீதியை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ வந்தால் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, அம்மா போதும் என்று அதட்டுகிற வரைக்கும் போடுவோம். இந்த முறை நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழ மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பதினாறு நாள் விடுப்பு என்றும், அயோவாவில் சிநேகிதன் வீட்டுக்குப் போகப்போவதாகவும் அம்மாவுக்கு எழுதியிருந்தாய். நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான், அவர்கள் வீட்டிலும் உனக்காகச் சமைப்பார்கள். அங்கே போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாசலில் நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எது உடுத்தியிருக்கிறாயோ அதோடு வா.

பிலடெல்பியாவிலிருந்து வரும் பஸ் கடைத்தெருவில் சாயங்காலம் நாலேகாலுக்கு நிற்கிறது. டிசம்பர் இருபதாம் தேதியிலிருந்து நான் வண்டியோடு அங்கே இருப்பேன். அன்று நீ வராவிட்டால் மறுநாளும் இருப்பேன். எந்த நாள் என்று எழுத உனக்கு நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாலைப் பால் கறப்பதை லோயிஸ் பார்த்துக்கொள்வாள், கேட்டுவிட்டேன்.

நீ படுக்கிற இடத்திலும் விழிக்கிற இடத்திலும் கர்த்தருடைய கரம் உன்மேல் இருக்கட்டும். உன் பக்கத்தில் படுப்பவர்கள்மேலும் இருக்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அப்பா
எனோஸ் சென்சனிக்